மச்சான் இருந்த பாட்டில்

செத்து ஒரு வருஷமான என் மச்சானை, குமராட்சி உரக்கடை வாசலில், பட்டப்பகலில், ஊரே பார்க்க ஓர் ஊறுகாய் ஜாடிக்குள் வரவழைத்தவன் நான்.

மந்திரம் சொல்லவில்லை. சேவல் அறுக்கவில்லை. ஒரு கை யூரியா, ஒரு கை அன்னபேதி. அவ்வளவுதான். மனுஷன் வந்துவிட்டார். ஆற்றில் புதுத் தண்ணீர் வரும்போது ஒரு பழுப்பு நிறம் இருக்குமே, அந்த நிறத்தில் வந்தார்.

கடலூர் ஜில்லாவில் இதை நம்பாதவர்கள் ஜாஸ்தி. அவர்களுக்கெல்லாம் தலைவி என் தங்கை கொளஞ்சியம்மாள். தானே புயலன்று என் சைக்கிள் தேவனாம்பட்டினத்திலிருந்து பறந்து வந்து, மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு வாசலிலேயே ஸ்டாண்டு போட்டு நின்றது. அதை நான் சொன்னபோது, "பூட்டியிருந்திச்சா இல்லயா, அத சொல்லு" என்று கேட்டவள் அவள்.

அந்தக் கொளஞ்சியின் புருஷன்தான் ராமாமிர்தம் மச்சான்.

சிதம்பரம் கீழ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. பின்கட்டில் மச்சானின் பட்டறை. குமராட்சிப் பக்கம் நெல் விளைவித்த குடும்பத்தில் பிறந்தவர், மண்ணை விட்டுவிட்டுத் தங்கத்துக்கு வந்தார். பழைய நகையை ராஜதிராவகத்தில் போட்டுக் கரைத்து, செம்பையும் வெள்ளியையும் பிரித்துவிட்டு, சுத்தத் தங்கமாகத் திருப்பித் தருவார். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் பார்த்திருந்த சமயம், பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார்.

காரியமெல்லாம் முடிந்து பீரோவைத் திறந்தால், கொளஞ்சியின் தாலிக்கொடியைக் காணோம். வீட்டில் அவள் மஞ்சள் கயிறோடுதான் இருப்பாள். தங்கக் கொடி விசேஷத்துக்கு மட்டும். அவர் போன நாளிலிருந்து பீரோ சாவியோ மருமகள் வினோதினியின் இடுப்பில்.

திருடி என்று அவளை யாரும் வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே ஒரு வருஷம் சொன்னார்கள்.

பட்டறையைப் பூட்டினார்கள். பூட்டிய பிறகு அது ஆரம்பித்தது.

பட்டறைச் சுவரின் மறுபக்கம் கூடத்தில் மாட்டியிருந்த மச்சான் படம் தானாக விழுந்தது. மறுபடி மாட்டினார்கள், மறுபடி விழுந்தது. ஆணியைப் பிடுங்கிப் பார்த்தால் ஊசி மாதிரி இளைத்திருந்தது. ஜன்னல் கம்பிகளில் துரு செதில் செதிலாகப் பொங்கியது. பல்லிகள் மல்லாந்து கிடந்தன. வெயில் ஏறும் மத்தியானங்களில் கதவிடுக்கு வழியாகப் பீடிப் புகை மாதிரி லேசாக ஒன்று வெளியே வரும். கூடவே மூக்கை அறுக்கும் நெடி. மச்சான் உயிரோடு இருந்த காலத்தில் பீடியை வாயிலிருந்து இறக்காதவர்.

கொளஞ்சி அந்தக் கதவுக்கு வெளியே தினம் ஒரு டம்ளர் காப்பி வைக்க ஆரம்பித்தாள்.

வருஷத் தெவசத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, வீட்டைக் கழுவும்போது, வினோதினிதான் துணிந்து பட்டறைக்குள் போனாள். அலமாரியில், துடைக்காத தூசிக்கு நடுவே, கண்ணாடி மூடி போட்ட ஒரு பாட்டில். உள்ளே மஞ்சள் தண்ணீர். பாட்டிலின் வெளிப்புறம் வேர்த்துப் பிசுபிசுத்திருந்தது. வெறும் கையால் துடைத்தாள்.

மறுநாள் வெயிலில் துணி காயப்போட்டவள் கையைப் பார்த்தால், விரல்கள் கத்தரிப்பூ நிறம். சோப்புக்குப் போகவில்லை, புளிக்குப் போகவில்லை, சாம்பலுக்குப் போகவில்லை.

கொளஞ்சி அந்தக் கையைப் பார்த்தாள். ஒரு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை அப்போதுதான் வெளியே விட்டாள்.

"எடுத்த கைய அவரே காட்டிக் குடுத்துட்டாரு."

குறி சொல்லும் இருசம்மாள் அதற்கு மேல் ஒரு படி போனாள். "உம் புருசன் அந்தத் தண்ணியிலதாம்மா குந்திகினு இருக்காரு. தெவசத்தன்னிக்குக் கொண்டும் போயி கொள்ளிடத்துல ஊத்திடு. போயிடுவாரு."

ஆக, திட்டம் தயார். தெவசத்தன்று ஐயருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, மகன் செந்தமிழ்செல்வன் ஓட்டும் மினிபஸ்ஸில் கொள்ளிடக்கரைக்குப் போவது. பாட்டிலை ஊற்றுவது. திரும்பும் வழியில் வினோதினியைப் பண்ருட்டி பஸ் ஏற்றி அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவது. ஒரே நாளில் இரண்டு பேரையும் கரையேற்றிவிடலாம் என்று கணக்கு.

எனக்கு இதெல்லாம் தெரிந்தது தெவசத்தன்று காலையில்தான். வினோதினி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவளுடைய வலது கை. கீழே ஒரே வரி: 'மாமா, இது என்னா நோவுன்னு உங்களுக்குத் தெரியுமா?'

செம்மங்குப்பத்தில் ஒரு சாயக் கம்பெனி லேபில் தலைமுடி முழுவதையும் விட்டுவிட்டு ரிட்டயர் ஆனவன் நான். உலகத்தில் உள்ள கறைகளில் பாதி என் சட்டையில் இருந்திருக்கின்றன. இந்தக் கறையை ஒரே ஒரு தரம் பார்த்திருக்கிறேன், என் கட்டைவிரலிலேயே.

தோசையைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

தங்கம் கரைந்த திராவகம் தோலில் பட்டால், வெயில் பட்டதும் தோல் ஊதாவாகும். வேறு எந்தப் பேயும் அந்த நிறத்தில் கை நனைக்காது.

கொளஞ்சிக்குப் போன் போட்டேன்.

"அந்த பாட்டில ஊத்திடாத. அதுல இருக்கறது தங்கம்."

"சின்ன வயசுல வேப்பங்கொட்டைய பாதாம் பருப்புன்னு சொல்லி என்ன தின்ன வெச்சவந்தான நீ?"

"இது வேற கொளஞ்சி."

"தெவசத்தன்னிக்காவது வாய அடக்குண்ணா." போனை வைத்துவிட்டாள். மறுபடி அடித்தால் சுவிட்ச் ஆஃப்.

மஞ்சக்குப்பம் நாட்டு மருந்துக் கடையில் ஒரு பொட்டலம் அன்னபேதி வாங்கினேன். இரும்பும் கந்தகமும் சேர்ந்த பச்சை உப்பு அது. சோகைக்கு மருந்தில் சேர்ப்பார்கள். தங்கம் கரைந்த திராவகத்தில் அதைப் போட்டால், திராவகம் கட்டி வைத்திருக்கும் தங்கத்தை விடுவித்துக் கீழே இறக்கிவிடும். பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்தேன். அன்றைக்கு அந்த பஸ்ஸை நான் என் கண்ணாலேயே தள்ளிக்கொண்டு போனேன் என்று சொன்னால் அதில் பொய் கொஞ்சம்தான்.

சிதம்பரத்தில் வீடு பூட்டியிருந்தது. பின்பக்கம் பட்டறைக் கதவுக்கு வெளியே ஒரு டம்ளர் காப்பி, ஆடை படிந்து, தொடாமல் இருந்தது. அதைக் கடந்து போக எனக்கு என்னவோ போல் இருந்தது. சுற்றிக்கொண்டு போனேன்.

எதிர்வீட்டுக்காரர் சொன்னார்: "இப்பதான் வண்டி போச்சு."

ஆட்டோக்காரனைக் குமராட்சி ரோட்டில் விரட்டினேன்.

கடவுள் இருக்கிறார். மினிபஸ் குமராட்சியில், கோவிந்தசாமியின் உரக்கடைக்கு முன்னால், வாயைப் பிளந்துகொண்டு நின்றிருந்தது. எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தான் செந்தமிழ்செல்வன்.

"என்னா மாப்ள?"

"ஸ்டார்ட் ஆவல மாமா. காலையில நல்லாத்தான் இருந்திச்சு."

"அவரு வரமாட்டேங்கறாரு," என்றாள் கொளஞ்சி.

முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் துணி மூட்டை. குழந்தையைப் பிடிப்பது போல் இரண்டு கையாலும் அணைத்திருந்தாள். அலமாரியின் அந்தத் தட்டில் இருந்ததையெல்லாம் யாரும் பிரித்துப் பார்க்காமல், கைபடாமல், துணி போட்டு அப்படியே வாரிக் கட்டியிருந்தார்கள். திராவகம் கசிந்து துணியின் ஓரத்தில் ஓட்டை விழுந்திருந்தது. ஓட்டையைச் சுற்றி ஊதா வளையம்.

அந்த வண்டி வாங்கிய நாளிலிருந்து தள்ளாமல் கிளம்பியதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஓட்டையைப் பார்த்தபோது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கடைசி சீட்டில் வினோதினி. பக்கத்தில் பயணப் பை. வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

நான் ஏறி அவள் அருகே போனேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மாமா, அது தங்கந்தானா? இல்ல நீங்க வழக்கமா சொல்ற மாதிரியா?"

"தங்கம்."

"அப்ப ஆத்துல ஊத்தவிடாதீங்க. ஊத்திட்டா அதோட முடிஞ்சிது. இந்தக் கையிலருக்கற கறையும் பத்து நாள்ல போயிடும். அப்புறம் நான் எடுக்கலன்னு சொல்ல உலகத்துல எதுவும் இருக்காது." கொஞ்சம் நிறுத்தினாள். "பண்ருட்டி போயிட்டேன்னா நான் திரும்ப வரமாட்டேன் மாமா. அவரு வந்து கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

எஞ்சினுக்குள் இருந்த தலை அசையாமல் இருந்தது. அவனுக்குக் கேட்டிருக்கிறது.

நான் முன்னால் வந்து கொளஞ்சியிடம் கை நீட்டினேன்.

"குடு."

"எதுக்கு?"

"உள்ள இருக்கறத வெளிய எடுக்கறேன்."

"செத்தவர வச்சி வெளையாடாதண்ணா."

"செத்தவரோட வேலைய முடிச்சி வெக்கறேன்."

அவள் மூட்டையை இன்னும் இறுக்கினாள். அப்போதுதான் செந்தமிழ்செல்வன் தலையை வெளியே எடுத்தான். ஒரு வருஷமாக அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே கதவு மாதிரி நின்றிருந்தவன்.

"ம்மா. வண்டி கெளம்பற வரைக்கும் மாமா செய்யட்டும்மா. சும்மாதான நிக்கறோம்?"

கொளஞ்சி அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கெளம்பற வரைக்குந்தான். கெளம்பிட்டா ஆறு."

கோவிந்தசாமி தன் மனைவியின் பீங்கான் ஊறுகாய் ஜாடியைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். எலுமிச்சை ஊறுகாயை அவர் எதில் கொட்டினார் என்று அந்த அம்மாள் இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறாள். கடைக்கு வெளியே காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டேன். உரம் வாங்க வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், ஒரு ஆட்டுக்குட்டி, எல்லாரும் கூடிவிட்டார்கள். முந்நூறு பேர் இருக்கும். கோவிந்தசாமி பதினைந்து பேர் என்பார்.

மூட்டையிலிருந்து பாட்டிலை மட்டும் உருவினேன். கனமாக இருந்தது. அடியில் வெள்ளையாக ஒரு படிவு. கொடியில் கலந்திருந்த வெள்ளி அது. அது கலங்காமல், மேலே இருந்த மஞ்சள் தண்ணீரை மட்டும் ஜாடிக்குள் சாய்த்தேன். நெடி எழுந்தது. பட்டறைக் கதவிடுக்கில் வந்த அதே நெடி.

"அவரு வாசன," என்றாள் கொளஞ்சி மெல்ல.

என் அன்னபேதியைத் தண்ணீரில் கரைத்து, ஒரு மேடைப் பேச்சும் பேசிவிட்டு, ஊற்றினேன்.

ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு ஜாடியின் நடுவே பழுப்பாக ஒரு மேகம். கூட்டம் 'ஹா' என்றது. மேகம் திரண்டது, இறங்கப் பார்த்தது. அதற்குள் ஜாடி வாயிலிருந்து செம்பழுப்பாகப் புகை சுருண்டு கிளம்பியது. புகை கலைந்தபோது எட்டிப் பார்த்தேன்.

மேகம் இல்லை. தண்ணீர் மறுபடி மஞ்சளாக, ஒன்றுமே நடக்காதது போல் இருந்தது.

கூட்டம் பின்னால் நகர்ந்தது. ஆட்டுக்குட்டி ஓடிப்போனது.

"வந்தாரு," என்றாள் கொளஞ்சி. "பாத்தாரு. போயிட்டாரு."

அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஓர் இருமல் கேட்டது. பீடி குடிப்பவர் நெஞ்சு அடியிலிருந்து இழுத்து இருமும் இருமல். மச்சான் யோசிக்கும்போது அப்படித்தான் இருமுவார். திரும்பினேன். என் பின்னால் யூரியா மூட்டைகள் மட்டும் அடுக்கியிருந்தன.

நான் நிறையக் கூட்டிச் சொல்கிறவன். இந்த இருமலை மட்டும் கூட்டவில்லை. அதைப் பற்றி வேறு எதுவும் எனக்குத் தெரியவும் தெரியாது.

மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யூரியா, யூரியா, யூரியா.

யூரியா போடவில்லையே நான்.

ராஜதிராவகத்தில் மிச்சமிருக்கும் நைட்ரிக் ஆசிட்டைத் தீர்க்காமல் அன்னபேதி போட்டால், அன்னபேதி இறக்குகிற தங்கத்தை அந்த ஆசிட் மறுபடி தின்றுவிடும். லேபில் சேர்ந்த முதல் வாரத்தில் படிப்பது. ரிட்டயர் ஆனவன் மேடைப் பேச்சில் அதை விழுங்கிவிட்டேன். பொட்டலத்தில் மிச்சமிருந்த அன்னபேதியையும் அப்போதுதான் பார்த்தேன்; பச்சை போய் துருவேறிக் காவியாகக் கிடந்தது. செத்த சரக்கு.

"கோவிந்தசாமி, யூரியா ஒரு கை குடு."

"பேய்க்கா சார்?"

"பேய்க்குத்தான். அன்னபேதி இருக்கா, பச்சையா?"

"கரும்பு வெளுத்துப் போனா தெளிக்கறதுக்குப் புது மூட்ட வந்திருக்கு. கண்ணாடித் துண்டாட்டம் இருக்கும்."

யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டேன். போடும்போதெல்லாம் ஜாடி சீறியது. பாம்பு வளையில் கோல் விட்டது மாதிரி ஒரு சீற்றம். ஒவ்வொரு சீற்றத்துக்கும் கொளஞ்சியின் தோள் துள்ளியது. பிறகு சீற்றம் குறைந்தது. பிறகு நின்றது. கடைசியாகப் போட்ட யூரியா சத்தமில்லாமல் கரைந்தது.

புது அன்னபேதியைத் தண்ணீரில் கலக்கினேன். பச்சைத் தண்ணீர்.

அந்த நேரம் பார்த்து மினிபஸ் உறுமியது.

செந்தமிழ்செல்வன் சாவியைத் திருப்பிப் பார்த்திருக்கிறான், எஞ்சின் பிடித்துக்கொண்டது. வண்டி குலுங்கிக்கொண்டு நின்றது. முதல் தடவையாக, தள்ளாமல்.

கொளஞ்சி எழுந்தாள். "கெளம்பிடுச்சு. பேசினது பேசினதுதான். ஜாடிய எடு."

பச்சைத் தண்ணீர் டம்ளர் என் கையில் தொங்கியது. வினோதினி வண்டிக்குள்ளிருந்து இறங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரையும் பார்த்து எதுவும் கேட்காத பார்வை.

எஞ்சின் நின்றது.

செந்தமிழ்செல்வன் சாவியை உருவித் தன் சட்டைப்பையில் போட்டான். இறங்கி வந்து ஜாடிக்கு முன்னால் குந்தினான்.

"வண்டி ரிப்பேரும்மா," என்றான்.

"இப்பதானடா ஓடிச்சு."

"ரிப்பேரும்மா." பிறகு என்னைப் பார்த்து, "ஊத்துங்க மாமா."

ஊற்றினேன்.

இந்தத் தடவை மேகம் அவசரப்படவில்லை. மஞ்சள் தண்ணீர் முதலில் கறுத்தது. பிறகு அடிவானம் கலங்குவது போல் எங்கும் பழுப்பு. பிறகு துகள் துகளாக, மிக மெதுவாக இறங்க ஆரம்பித்தது. கூட்டம் முன்னால் நகர்ந்தது. ரோட்டில் போன ட்ராக்டர்கூட வேகம் குறைத்தது. என் மச்சான் ஜாடியின் அடியில், வண்டல் மாதிரி, உட்கார்ந்தார்.

தண்ணீரை வடித்தேன். அடியில் தங்கியதைத் திரும்பத் திரும்பக் கழுவினேன். கோவிந்தசாமியின் வெள்ளைத் துண்டில் வடிகட்டி, பீங்கான் தட்டில் வெயிலில் பரப்பினேன். பார்ப்பதற்குப் புழுதி. காப்பிப் பொடி சிந்தியது போல் இருந்தது.

கொளஞ்சி அதைப் பார்த்து, "இதுக்கா? ரோட்டுல வாருனா ஒரு மொறம் வருமே இது," என்றாள்.

"ஸ்பூன எடு. முதுகுப் பக்கத்தால அத அழுத்தித் தேய்."

"நீ தேய்."

"நான் தேச்சா ஏமாத்தினேம்பே. நீயே தேய்."

தேய்த்தாள். பழுப்புப் பொடி ஸ்பூனுக்கு அடியில் நசுங்கியது. ஸ்பூனை நகர்த்தினாள். தட்டில் ஒரு கோடு. மஞ்சள் கோடு. வெயில் அதில் பட்டு அவள் முகவாயில் போய் விழுந்தது.

இன்னொரு கோடு தேய்த்தாள். இன்னொன்று. பிறகு ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். கொஞ்சம் சீக்கிரம் தூக்கிவிட்டேன்.

"தங்கம் சரி," என்றாள். குரல் இறங்கியிருந்தது, ஆனால் வளையவில்லை. "பட்டறைன்னா யாராவது தங்கம் குடுத்துத்தான் இருப்பாங்க. இது எங்கொடின்னு எத வச்சி சொல்ற? கொடிய அவரு எடுத்தாருன்னு யாரு கண்டா? ஒரு வாய் காப்பி குடிக்கறதுக்கே என்ன கேட்டுட்டுக் குடிப்பாரு அந்த மனுசன். எங்கழுத்து நகைய எனக்குத் தெரியாம எடுப்பாரா?"

பொடியில் பேர் எழுதியிருக்காது. லேபிலும் அதற்குச் சோதனை கிடையாது. கூட்டத்தில் யாரோ, "அந்தம்மா கேக்கறது ஞாயந்தான," என்றார்கள்.

வினோதினி வண்டியிலிருந்து இறங்கி வந்தாள்.

"அத்த, மூட்டையில இன்னொன்னு இருக்கு. பாட்டிலுக்குப் பின்னாடி ஒரு டப்பா இருந்திச்சு. அன்னிக்கு நான் தொடல. கை எரிஞ்சிதுன்னு வந்துட்டேன். நீங்களே தெறங்க. நான் தொட்டா நாந்தான் வச்சேன்னு ஆயிடும்."

கொளஞ்சி மூட்டையைப் பிரித்தாள். பழைய பவுடர் டப்பா. மூடி துருப்பிடித்து ஒட்டியிருந்தது. அவளே பல்லால் கடித்துத் திறந்தாள். உள்ளே இருந்ததைத் தட்டின் ஓரத்தில், பழுப்புப் பொடிக்குப் பக்கத்தில் கவிழ்த்தாள்.

சிவப்புப் பவழங்கள். கொஞ்சம் ஊக்குகள். அவற்றில் ஒன்றில் பச்சை நூல் சுற்றியிருந்தது.

எங்கள் வீட்டுப் பெண்கள் கொடியில் தங்கத்தைக் கோக்கிறார்களோ இல்லையோ, ஊக்கைக் கோத்துவிடுவார்கள். அவசரத்துக்கு ரவிக்கைக்கு ஆகும், பிள்ளைக்கு முள் எடுக்க ஆகும்.

கொளஞ்சி பச்சை நூல் ஊக்கை மட்டும் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது வாய் மூடாது," என்றாள் யாரிடமோ. "குத்திக்கினே இருக்கும். நாந்தான் நூல சுத்தி வச்சேன்."

தாலிக்கொடியைக் கரைக்கும் முன்னால் ஊக்கையும் பவழத்தையும் கழற்றி, பத்திரமாக டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார் மச்சான். புதுக் கொடியில் திரும்பக் கோப்பதற்கு. பழைய தங்கத்தைச் சுத்தமாக்கி, திருக்கடையூரில் அவள் கழுத்தில் புதிதாகப் பூட்டலாம் என்று நினைத்திருக்கிறார். வாழ்நாளில் அவளைக் கேட்காமல் அவர் செய்த காரியம் அது ஒன்றுதான். அது முடிவதற்குள் ஸ்டூலில் சாய்ந்துவிட்டார்.

இதை யாரும் அவளுக்கு விளக்கவில்லை. அவள் முகத்தில் அது ஒவ்வொன்றாக இறங்குவதை, ஜாடியில் இறங்கியதைப் பார்த்தது போலவே, நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல," என்றாள் தட்டைப் பார்த்து. "சொல்லாம வச்சி, ஒரு பொண்ண..."

முடிக்கவில்லை. வினோதினியின் வலது கையை முந்தானைக்குள்ளிருந்து இழுத்தாள். ஊதா விரல்கள். வினோதினி கையை விறைத்தாள், ஆனால் இழுத்துக்கொள்ளவில்லை. கொளஞ்சி அந்த விரல்களைத் தன் புடவையால் துடைத்தாள். போகாது என்று தெரிந்தும் துடைத்தாள்.

செந்தமிழ்செல்வன்தான் டப்பாவுக்குள் மறுபடி எட்டிப் பார்த்தான். தட்டினான். ஒட்டிக்கொண்டிருந்த ஏதோ சிதறி விழுந்தது.

கறுப்பு மணிகள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு துண்டு நூலில் கோத்தபடி.

"இது உன்னுதாம்மா?"

"என்னுதில்ல. நான் கறுப்பு போட மாட்டேன்."

கோவிந்தசாமி குனிந்து பார்த்தார். "கருகமணி சார் இது. பரங்கிப்பேட்ட பக்கம் பாய் வீட்டுப் பொம்பளைங்க கழுத்துல பாத்திருக்கேன். நிக்காவுல கட்டுறது. அவுங்க லேசுல கழட்ட மாட்டாங்களே."

தட்டில் இருந்த பொடியைப் பார்த்தேன். கொளஞ்சியின் கொடியை எனக்குத் தெரியும், மெல்லிசான கொடி. தட்டில் இருந்தது மெல்லிசான கொடிக்கு ஜாஸ்தி. ஒரு ஜாடிக்குள் இரண்டு கழுத்துத் தங்கம் கலந்து கிடக்கிறது. இரண்டாவது கழுத்து யாருடையது? கல்யாணக் கருகமணியைக் கழற்றிக் கொடுத்தவள், ஒரு வருஷமாக ஏன் திரும்பி வந்து கேட்கவில்லை?

வெயில் சுள்ளென்று இருந்தது. என் கைமயிர் நின்றது.

அப்போது வினோதினியின் போன் அடித்தது. பண்ருட்டியிலிருந்து அவள் அம்மா. பஸ் ஏறிவிட்டாளா என்று கேட்கத்தான் இருக்கும். வினோதினி எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொளஞ்சி கையை நீட்டிப் போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"சம்பந்தி, நாந்தான் பேசறேன்... இல்ல, பொண்ணு வரல. அவ எங்க வூட்டுக்குத்தான் வரா, அவ வரேன்னா." வினோதினியைப் பார்த்தாள். வினோதினி உடனே தலையசைக்கவில்லை. பயணப் பையை வண்டிக்குள்ளிருந்து எடுத்துத் தன் கால் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எந்தப் பக்கம் எடுத்துப் போவதற்கு என்று அதில் தெரியவில்லை.

கொளஞ்சி தொண்டையைச் செருமினாள். கூடியிருந்த அத்தனை பேரும் கேட்கும்படிதான் பேசினாள்.

"கொடிய அவ எடுக்கல சம்பந்தி. எம் புருசன் கரச்சி வச்சிருந்தாரு. அது திரும்பி வந்திருச்சு... ஊறுகா ஜாடியிலதான் வந்திச்சு... ஆமா, யூரியா போட்டுத்தான்... யாரு, எங்கண்ணன்தான். தேவநாதன்."

மறுமுனையில் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். கொளஞ்சி பொறுமையாகக் கேட்டாள். கேட்டுக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"புளுகந்தான் சம்பந்தி, நான் இல்லன்னு சொல்லல. ஆனா இது நடந்துது. நான் நம்பல, நின்னு பாத்தேன். நடந்துது."